மண்ணில் உண்டு, கன்றுக்கு எட்டவில்லை

பருத்திப் பின்னல் துணிக்கு அடர்ந்த நிறம் ஏற்ற, சாயத் தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் உப்புக் கரைக்கிறார்கள். கறுப்பு, கருநீலம் என்றால் இன்னும் கூடும். ஒரு கிலோ துணிக்கு எட்டுப் பத்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால், ஒரு கிலோ பனியன் துணி நிறம் பெற ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலை நோக்கித் தள்ளிவிட்டுத் தண்ணீரிலேயே நின்றுவிடும். சாயம் நூலோடு பிணையச் சோடா ஆஷ், துணியை வெளுக்கக் காஸ்டிக் சோடா என்று இன்னும் சில சரக்குகளும் சேர்கின்றன. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் தனிமம் சோடியம்.

திருப்பூரின் சாயப்பட்டறைகள் பல்லாண்டுகள் நொய்யல் ஆற்றில் விட்ட தண்ணீர் இந்தச் சோடியத்தைத்தான் சுமந்து சென்றது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப்போனது. அதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையை நிறுவிய பிறகே அவை திறந்தன. ஆனால் அதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்ட சோடியத்தை எந்த உத்தரவாலும் வெளியேற்ற முடியாது.

இந்த மண்ணில் இப்போது மரக்கன்றுகள் நடப்படுகின்றன. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் லட்சக்கணக்கான கன்றுகளை உழவர் நிலங்களில் நட்டிருக்கிறது. பயிர் செய்ய ஆள் கிடைக்காத தோட்டக்காரர்கள் தென்னை, நெல்லி, கொய்யா, சப்போட்டா என்று பழமரங்களுக்கு மாறுகிறார்கள். நட்ட முதல் ஆண்டு கன்று நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அதன் வேர் குழியில் போட்ட தொழு உரத்துக்குள்ளேயே இருக்கிறது. வேர் குழியைத் தாண்டும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் இலை மஞ்சளாகும், ஓரம் கருகும், தளிர் சிறுத்துப்போகும். சத்துக் குறைவு என்று கடையில் சொல்வார்கள். யூரியா போடுவோம், நுண்ணூட்டப் பொட்டலம் வாங்கித் தூவுவோம், இன்னும் ஒரு வண்டி எரு அடிப்போம். பெரும்பாலும் எதுவும் மாறாது.

மாறாததற்குக் காரணம், இந்த மண்ணில் பல சத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான். அவை வேருக்கு எட்டுவதில்லை. குழியில் நாம் போடும் ஜிப்சம், எரு, சாம்பல், நார்க்கழிவு, கந்தகம் ஆகியவற்றின் முதன்மையான வேலை சத்தைக் கூட்டுவது என்று நினைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அவற்றுக்கு உண்டு. எந்தச் சத்து வேருக்கு எட்டும், எது எட்டாது என்பதை அவை மாற்றியமைக்கின்றன. நல்ல பக்கமாகவும் மாற்றும், கெட்ட பக்கமாகவும் மாற்றும்.

இதைப் புரிந்துகொள்ள உதவிய முதல் சோதனை இங்கிலாந்தில் நடந்தது. யார்க்‌ஷயரில் நிலம் வைத்திருந்த தாம்சன் என்பவர் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் வழிந்த நீரில் அம்மோனியம் இல்லை, கால்சியம் சல்பேட் இருந்தது. அதாவது ஜிப்சம். மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டுக்கொடுத்திருந்தது. வேதியியலாளர் தாமஸ் வே அதை விரிவாக ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் உண்டு. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷின்களின் எண்ணிக்கை மாறாது, உட்காரும் ஆள்தான் மாறுவார். துகளின் இடங்களும் அப்படியே. ஒன்று வந்து அமர வேண்டுமானால் இன்னொன்று எழுந்திருக்க வேண்டும்.

நல்ல மண்ணில் அந்த இடங்களில் பெரும்பகுதி கால்சியத்திடம் இருக்கும். நூற்றில் பதினைந்துக்கு மேல் சோடியம் பிடித்துக்கொண்டால் அந்த மண்ணைக் களர் என்கிறோம். அமெரிக்காவின் ரிவர்சைடு உவர் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேடு இந்த எல்லையை வகுத்தது. இன்றும் நம் ஆய்வகங்கள் அதையே பின்பற்றுகின்றன. கரையும் உப்பு அதிகமாக இருந்து, துகள்களின் இடங்கள் பெரிதும் கால்சியத்திடமே இருந்தால் அது உவர் மண். உவர் மண்ணில் நல்ல தண்ணீர் விட்டு, வடிகால் அமைத்துக் கழுவினால் போதும். களர் மண்ணை வெறும் தண்ணீரால் கழுவினால் நிலைமை மோசமாகும். கரையும் உப்பு போய்விடும், சோடியம் துகளில் ஒட்டியபடியே நிற்கும், களிமண் பிரிந்து சேறாகி அடைத்துக்கொள்ளும். நொய்யல் கரையோரம் பல இடங்களில் இரண்டும் கலந்தே இருப்பதால்தான் ஒரு தோட்டத்தில் பலித்த வைத்தியம் பக்கத்துத் தோட்டத்தில் பலிப்பதில்லை.

களர் மண்ணில் கன்றுக்கு இரண்டு வழிகளில் இழப்பு. முதலாவது, காற்று. மண் அடைத்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடையாது. வேர் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் சும்மா உறிஞ்சுவதில்லை, ஆற்றல் செலவிட்டு உள்ளே இழுக்கிறது. மூச்சு விட முடியாத வேரால் அந்த ஆற்றலை உண்டாக்க முடியாது. அந்தக் கன்றின் அடியில் எத்தனை கிலோ பொட்டாஷ் போட்டாலும் அது அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, சோடியம் பொட்டாசியத்தைப் போலவே நடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், நடத்தையும் ஏறக்குறைய ஒன்று. பொட்டாசியத்துக்கென வேர் வைத்திருக்கும் வழிகளில் சோடியம் நுழைந்துவிடும். அதைத் தடுக்கும் காவல், வேர்ச் செல்லின் சவ்வில் இருக்கும் கால்சியம். 1969-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் லாஹேயும் எப்ஸ்டைனும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சோடியம் உப்புக் கலந்த கரைசலில் பீன்ஸ் செடிகளை வளர்த்தார்கள். கால்சியம் குறைவாக இருந்த கரைசலில் செடிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. போதிய கால்சியம் இருந்த கரைசலில், அதே உப்பைச் செடிகள் பெருமளவு தாங்கின. உப்பைக் குறைக்காமலே, கால்சியத்தைக் கூட்டியதால் மட்டும் கிடைத்த பலன் இது. களர் நிலத்துக்கு ஜிப்சம் ஏன் மருந்து என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை.

ஜிப்சத்தில் கால்சியமும் சல்பேட்டும் இருக்கின்றன. கால்சியம் துகளில் அமர, எழுந்த சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து கரைந்து நீரோடு கீழே இறங்குகிறது. இதற்குக் கணக்கு உண்டு. நூறு கிராம் மண்ணில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் சோடியத்தை அகற்ற, ஒரு டன் மண்ணுக்கு சுமார் 860 கிராம் தூய ஜிப்சம் தேவை. மூன்றடி நீள, அகல, ஆழக் குழியில் இருப்பது ஏறத்தாழ ஒரு டன் மண். மண்ணின் பிடிப்புத் திறன் நூறு கிராமுக்கு 20 மில்லி ஈக்விவலன்ட், அதில் சோடியம் கால் பங்கு, அதை மொத்தத் திறனில் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று வைத்தால், அகற்ற வேண்டியது மூன்று மில்லி ஈக்விவலன்ட். அப்படியானால் குழிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை வேண்டும். கைப்பிடி அளவு போட்டுவிட்டு ‘ஜிப்சம் போட்டும் கேட்கலை’ என்பதில் நியாயமில்லை. சோடியமே இல்லாத மண்ணில் ஐந்து கிலோ கொட்டுவதும் வீண். அதிகக் கால்சியம் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்பெயர்க்கும், அவையும் நீரோடு போய்விடும். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க இடையில் மட்டும் மஞ்சள் படர்ந்தால் மக்னீசியத்தை நினைக்க வேண்டும்.

கர்னாலில் 1969-இல் அமைந்த மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் களர் நிலத்தில் மரம் வளர்க்க ஒரு முறையை வகுத்தது. அகலக் குழிக்குப் பதிலாக, ஓர் அடிக்கும் குறைந்த அகலத்தில் நான்கைந்து அடி ஆழத்துக்குத் துரப்பணத்தால் துளையிட்டு, அடியில் இறுகியிருக்கும் சுண்ணாம்புப் படலத்தை உடைத்துவிடுவார்கள். எடுத்த மண்ணோடு சில கிலோ ஜிப்சமும் தொழு உரமும் கலந்து துளையை நிரப்பிக் கன்றை நடுவார்கள். அகலமாகத் தோண்டினால் வேர் மேலேயே பரவி நின்றுவிடும். ஆழமாகத் துளைத்தால் வேர் படலத்தைத் தாண்டி, சோடியம் குறைந்த அடிமண்ணை எட்டிவிடும். நம் பக்கத்தில் தென்னைக்குக் குழி வெட்டும்போது கடப்பாரை ‘டங்’ என்று நிற்குமே, அந்தச் சுக்கான் படலத்துக்கும் இந்த யோசனை பொருந்தும்.

சுக்கான் என்றவுடன் இன்னொரு கதை தொடங்குகிறது. அதற்கும் சாயப்பட்டறைக்கும் தொடர்பில்லை. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பகுதிகளின் செம்மண்ணிலும் கரிசலிலும் இயற்கையாகவே சுண்ணாம்பு கலந்திருக்கிறது. வெள்ளை முடிச்சுகளாகக் கண்ணுக்கே தெரியும். ஒரு பிடி மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இந்த மண்ணில் கார அமில நிலை எட்டுக்கு மேல் நிற்கும். இரும்புக்கு இது கெட்ட இடம். இந்த அளவு ஒரு படி ஏறினால் கரைந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அந்தச் சிவப்பின் நடுவில் நின்றுகொண்டு கன்று இரும்புக்கு ஏங்குகிறது.

பழமரங்களுக்கு இதைச் சமாளிக்க ஒரு வழி இயல்பிலேயே உண்டு. வேர் நுனியில் அமிலத்தைச் சுரந்து, மண்ணின் இரும்பை வேதி முறையில் மாற்றி, கரையும் வடிவில் உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆனால் மண் நீரில் கிடக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரிலேயே பைகார்பனேட் மிகுந்திருந்தால், ஒவ்வொரு பாசனமும் வேரின் உழைப்பை வீணாக்கும். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அடையாளம். இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராததால் குறை முதலில் தளிரில் தெரியும். பொட்டாசியம் நகரும், ஆகவே அதன் குறையும் சோடியக் கருகலும் முதிர்ந்த இலையின் ஓரத்தில் தொடங்கும். எந்த இலை முதலில் மாறியது என்று பார்ப்பது, எந்தப் பொட்டலம் வாங்குவது என்று யோசிப்பதற்கு முந்திய வேலை.

சுண்ணாம்பைக் கந்தகம் போட்டு முறிக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு உள்ள மண்ணில், நம் மூன்றடிக் குழிக்குள் மட்டும் ஐம்பது கிலோ சுண்ணாம்பு இருக்கிறது. அதை முழுக்கக் கரைக்கப் பதினாறு கிலோ கந்தகம் வேண்டும். யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மண் முழுவதையும் மாற்றாமல், வேர் ஓடும் சில கைப்பிடி அளவு இடங்களில் மட்டும் கந்தகத்தை எருவோடு கலந்து வைத்தால், அங்கே நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கும். அந்தச் சிறு இடத்தில் இரும்பும் துத்தநாகமும் பாஸ்பரஸும் கரையும். வேர் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டையும் வெறும் மண்ணில் தூவினால் சீக்கிரமே துருவாகிவிடும். எருவில் கலந்து வைத்தாலோ, நீர்த்த கரைசலாக இலையில் தெளித்தாலோ பலன் உண்டு.

களரும் சுக்கானும் ஒரே நிலத்தில் இருந்தால், கெட்டதற்குள்ளும் ஒரு நல்லது இருக்கிறது. சோடியத்தை விரட்டத் தேவையான கால்சியம் அந்தச் சுண்ணாம்பிலேயே பூட்டிக் கிடக்கிறது. மட்கும் எருவும் மூச்சுவிடும் வேரும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு மண் நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண் இளகுவதற்கு இதுவும் ஒரு காரணம். தழைச்சத்துக்காக மட்டும் பசுந்தாள் உரம் போடுகிறோம் என்று நினைப்பவர்கள் அதன் பாதி வேலையைத்தான் அறிந்திருக்கிறார்கள்.

இனி, நம் பகுதியில் மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பவற்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சாயப்பட்டறை பாய்லர்களில் விறகு எரிகிறது, சாம்பல் மலையாகச் சேர்கிறது. பொட்டாஷ் நிறைந்தது என்று சொல்லி லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பொட்டாஷ் இருப்பது உண்மைதான். ஆனால் விறகுச் சாம்பலின் கார அமில நிலை பத்துக்கு மேல். அமில மண்ணான கூடலூர்த் தேயிலைக் காட்டுக்கு அது உதவலாம். எட்டரையில் நிற்கும் நம் மண்ணில், இருக்கிற கொஞ்ச இரும்பையும் துத்தநாகத்தையும் அது பூட்டிவிடும். கன்றுக் குழியில் சாம்பல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை எரு வேறு வகை. தழைச்சத்தும் பாஸ்பரஸும் மிகுதி, உப்பும் உண்டு. பச்சையாகப் போட்டால் அம்மோனியாவால் இளம் வேர் வெந்துபோகும். ஆண்டுதோறும் அதையே போட்டுக்கொண்டிருந்தால் பாஸ்பரஸ் குவிந்து துத்தநாகத்தைத் தடுக்கும், தளிர் இலை விரல் நகம்போலச் சிறுக்கும். மட்கவைத்து, அளவாக, தொழு உரத்தோடு மாற்றி மாற்றிப் போட்டால் அருமையான எரு.

காங்கேயம், உடுமலைப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைப்பதில் நிகரற்றது. ஆனால் அதில் கரிமம் நூறு பங்கு என்றால் தழைச்சத்து ஒரு பங்குகூடத் தேறாது. பச்சையாகப் போட்டால் அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் கன்றின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டிய வழியில், டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து இரண்டு மாதம் மட்கவைத்தால் கரிமத்தின் பங்கு நாலில் ஒன்றாகக் குறையும், நிறம் கறுக்கும். அப்போது அது எரு.

சுத்திகரிப்பு நிலையக் கசடு எந்த வடிவத்தில், எந்தப் பெயரில் வந்தாலும் தோட்டத்துக்குள் விடாதீர்கள். நொய்யலோடு இணைந்த குளங்களின் வண்டலையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் கன்றுக் குழியில் இடக்கூடாது.

உரத்திலும் தேர்வு உண்டு. டி.ஏ.பி.யில் கால்சியம் கிடையாது. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் ஏறக்குறைய பாதி ஜிப்சம்தான். களர் மண்ணில் மணிச்சத்துக்கு அதை வாங்கினால் மருந்தும் சேர்ந்து வரும். அம்மோனியம் சல்பேட்டின் தழைச்சத்தை வேர் எடுக்கும்போது சுற்றியுள்ள மண்ணில் அமிலம் சேர்கிறது. சுக்கான் மண்ணில் இரும்புக்கு இது துணை.

இவ்வளவும் செய்தாலும், எழுந்த சோடியத்தைக் கீழே கொண்டுபோக நல்ல தண்ணீர் வேண்டும். உப்புக் கிணற்று நீரை விட்டுக்கொண்டே ஜிப்சம் போடுவதால் பெரிய பலன் இல்லை. அதனால் ஜிப்சத்தைக் கோடையில் கலந்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதே நம் பகுதிக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய கழுவு நீர். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டம் பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. அந்தக் குளங்களைச் சுற்றிய கிணறுகளில் நல்ல நீர் ஊறினால் மண் சீர்திருத்தத்துக்கு இதுவரை இல்லாத வாய்ப்பு அது. கிணற்று நீரில் கார்பனேட் மிகுந்திருந்தால், தொட்டியில் ஜிப்சக் கட்டிகளை அடுக்கி அதன் வழியாக நீரைப் பாய்ச்சும் முறையையும் கேட்டறியலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சோதனை. 2015 முதல் அரசு வழங்கும் மண் வள அட்டையில் பன்னிரண்டு அளவீடுகள் உண்டு. துகளோடு ஒட்டியிருக்கும் சோடியத்தின் அளவும் சுண்ணாம்பின் சதவீதமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. நம் பகுதியில் கன்றின் தலைவிதியைத் தீர்மானிக்கும் இரண்டு எண்கள் அவைதான். குழி வெட்டும்போதே முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி மண்ணைத் தனித்தனிப் பையில் எடுங்கள், கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ அந்த இரண்டு எண்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை, ஒரு கண்ணாடிப் புட்டியில் மழைநீரோடு மண்ணைக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மறுநாளும் நீர் கலங்கலாகவே இருந்தால் களர் என்று சந்தேகப்படலாம்.

இதில் உழவரின் பங்கு மட்டும் போதாது. நொய்யல் வழக்கில் பயிர் இழப்புக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. மண்ணைத் திரும்பச் சீராக்கும் செலவு பெரும்பாலும் தோட்டக்காரர் தலையிலேயே விழுந்திருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதியில் ஆயிரக்கணக்கான கோடி ஈட்டும் ஊர், தன் ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு இலவச மண் சோதனையும் மானிய ஜிப்சமும் தருவது இயலாத காரியம் அல்ல. தொழில் அமைப்புகளும் வேளாண் துறையும் அதை இந்தக் கோடைக்குள் தொடங்க வேண்டும்.